பனி விலகிய நிலத்தில் ஆறு

(நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லையோர ஊர்களுக்கான வாசகசாலைக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நெய்யாற்றில் பனிக்கட்டி உருகி வந்த நீர் ஒரு துளியும் கிடையாது. அகத்தியமலையின் உச்சி 1,868 மீட்டர். அங்கே மஞ்சு கவியும், மழை கொட்டும், பனிக்கட்டி நிற்காது. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையிலும் துலாமழை என்னும் வடகிழக்குப் பருவமழையிலும் நனைந்து ஊறிய காடு கசியவிடும் நீர்தான் 56 கிலோமீட்டர் ஓடிப் பூவார் பொழியில் கடலைத் தொடுகிறது. இந்தக் கரையில் நின்றுகொண்டு பனியாற்று ஓடைகளைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். காரணம் உண்டு.

இந்த வட்டாரத்திலிருந்து பத்ரிநாத்துக்கும் கேதார்நாத்துக்கும் போய் வந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். பத்ரிநாத் கோயிலின் தலைமைப் பூசகரான ராவல் கேரளத்து நம்பூதிரி. கேதார்நாத் நம்மவருக்குத் திருக்கேதாரம். சம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய தலம். பத்ரிநாத்தின் படித்துறையைத் தொட்டு ஓடும் அலக்நந்தா, சதோபந்த், பாகீரத் கரக் என்னும் இரண்டு பனியாறுகளின் முகப்பில் பிறக்கிறது. கேதார்நாத்தின் மந்தாகினி சோராபாரிப் பனியாற்றிலிருந்து இறங்கி வருகிறது. போகிறோம், நீராடுகிறோம், செம்பில் எடுத்துக்கொண்டும் வருகிறோம். அந்த நீர் போன தலைமுறையில் எந்த வழியாக ஓடியது, இனி எந்த வழியாக ஓடும் என்று கேட்பதில்லை.

பனியாறுகள் உருகுகின்றன என்று செய்தி வந்தால் நமக்கு நீரின் அளவுதான் நினைவுக்கு வருகிறது. முதலில் வெள்ளம், பிறகு வறட்சி என்று கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கில் தவறில்லை. ஆனால் அளவு குறைவதற்கு வெகு முன்பே ஆறு இருக்கும் இடம் மாறிவிடுகிறது. அது சுமக்கும் மண் மாறுகிறது, கரை மாறுகிறது, நாளில் எந்த நேரத்தில் நீர் ஏறும் என்பதுகூட மாறுகிறது. பனி விலகியதும் வெளியே தெரியும் இடத்தை நாம் நிலம் என்று எழுதிக்கொள்கிறோம். ஆறு அங்கே தன் வழியைத் தேடி முடிக்கவே இல்லை. அது தேடி முடிக்கும் முன்னால் நாம் போய் வீடு கட்டிவிடுகிறோம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்.

பனியாறு என்பது அசையாமல் கிடக்கும் கட்டி அல்ல. மேலே விழும் பனி ஆண்டுக்கணக்கில் அழுந்தி இறுகிக் கட்டியாகி, தன் எடையாலேயே பள்ளத்தாக்கில் மெல்ல வழிந்து இறங்குகிறது. கீழே வெயில் மிகுந்த பகுதியில் உருகுகிறது. உருகிய நீர் பனியின் மேற்பரப்பில் சிற்றோடையாக ஓடி, வெடிப்புகளிலும் செங்குத்தான துளைகளிலும் விழுந்து, கட்டியின் அடிவயிற்றில் குகை போன்ற வழிகளைக் குடைந்துகொண்டு, கடைசியில் முகப்பில் வாய் திறந்து வெளியே வருகிறது. கங்கோத்ரிப் பனியாற்றில் அந்த வாய்க்குத்தான் கோமுகம் என்று பெயர்.

பனியாறு மேலிருந்து இறங்கும்போது பாறையைப் பெயர்த்து, அரைத்து, கூடவே கொண்டுவருகிறது. வீட்டளவு பாறையும் வரும், மாவைப் போல அரைபட்ட கல்துகளும் வரும். இவற்றைத் தன் விளிம்புகளில் மேடாகக் குவித்து வைக்கும். இந்தக் கல்மண் மேட்டைப் புவியியலார் மொரைன் என்கிறார்கள். மொரைனைக் கண்ணால் பார்த்தால் மலை போலத் தோன்றும், ஆனால் பாறை போல இறுகியதில்லை. அது கொட்டி வைத்த குவியல். சில இடங்களில் உள்ளே பழைய பனிக்கட்டியும் புதைந்து கிடக்கும். அது கரைந்தால் மேடு அமிழும்.

கங்கோத்ரியிலிருந்து கோமுகத்துக்குப் போகும் வழியில் போஜ்பாசா என்ற இடம் இருக்கிறது. அங்கே பாகீரதியில் ஒரு கண்ணாடிக் குவளை நீர் எடுத்து அசைக்காமல் வைத்துப் பாருங்கள். முதலில் சாம்பல் கலந்த பால் போல இருக்கும். நெடுநேரம் கழித்து அடியில் மென்சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படியும். விரலால் தொட்டால் மணல் போல நறநறக்காது, பட்டுப்போல வழுக்கும். மேலே நீர் அப்போதும் முழுவதும் தெளிந்திருக்காது. மலையைப் பனி அரைத்த மாவு அது. ஆற்றின் அடியில் உருண்டு போகும் கற்கள் அந்தக் குவளைக்குள் வருவதில்லை. அவற்றைக் கேட்கத்தான் முடியும். கோமுகத்தின் அருகே விடியற்காலையில் ஓடை சிறுத்துக் கிடக்கும். இரவுக் குளிரில் உருகுவது அடங்கியிருக்கும். வெயில் ஏற ஏற நீரும் ஏறும். பிற்பகல் நாலு, ஐந்து மணிக்குக் கல்லோடு கல் இடிக்கும் ஓசை காதுக்கு வருவதோடு நிற்காமல் தரை வழியே காலிலும் தெரியும். லாஹௌல், ஸ்பிதி பக்கத்துச் சாலைகளில் லாரி ஓட்டுகிறவர்கள் விடிவதற்கு முன்பே புறப்படுவது இதனால்தான். காலையில் சக்கரம் நனையக் கடந்த ஓடை மாலையில் வண்டியையே புரட்டிவிடும். அங்கே ஓர் ஓடைக்கு அவர்கள் வைத்த பெயர் பாகல் நாளா, பைத்தியக்கார ஓடை.

களியக்காவிளைச் சந்தையில் சுமடு எடுப்பவரைப் பார்த்திருப்பீர்கள். தலையில் மூட்டை இருக்கும்போது அவர் பலமெல்லாம் மூட்டைக்கே செலவாகும், அடி பார்த்து வைப்பார். மூட்டையை இறக்கிவிட்டால் அதே பலம் வீசி நடக்கும். ஆற்றுக்கும் ஓரளவு பலம்தான் உண்டு. சுமை அந்தப் பலத்தை மீறினால் ஆறு கல்லையும் மணலையும் வழியிலேயே இறக்கிவைக்கும். சுமை இல்லாவிட்டால் மிச்சமிருக்கும் பலத்தால் தன் படுகையையும் கரையையும் தோண்டும். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் இனி நான் சொல்லப்போகும் எல்லா மாற்றமும் விளங்கும்.

பனியாற்றின் முன்னால் சுமை மிக அதிகம். கரையோ தளர்ந்த கல்மண். பிடித்து நிறுத்த மரமில்லை, வேரில்லை. நீரின் அளவும் காலைக்கும் மாலைக்கும் மாறுகிறது. அதனால் ஆறு ஒரே வழியாக ஓட முடிவதில்லை. சற்றுத் தூரம் ஓடிக் கல்லை இறக்கும். இறக்கிய கல்லே திட்டாகி வழியை மறிக்கும். நீர் இரண்டாகப் பிரிந்து திட்டைச் சுற்றிப் போய்க் கூடும். கூடிய இடத்தில் வேகம் பெற்று மறுபடி தோண்டி, அடுத்த வளைவில் மறுபடி இறக்கும். பத்துப் பதினைந்து ஓடைகள் பின்னிப் பிரிந்து கிடக்கும் அகன்ற கல்வெளி இப்படித்தான் உண்டாகிறது. பின்னல் ஆறு என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதில் இன்றைக்கு வறண்டு கிடக்கும் ஓடையை ஆறு கைவிட்டது என்று எண்ணக் கூடாது. அது ஆற்றின் கையிருப்பு. அடுத்த வாரம் அதே வழியில் நீர் வரும்.

பனி பின்வாங்கத் தொடங்கியதும் இந்த ஏற்பாடு குலைகிறது. முகப்பு முன்னே இருந்தபோது பனியின் விளிம்பு நெடுகப் பல வாய்களில் நீர் வெளியேறியிருக்கும். பனி உள்ளே ஒடுங்க ஒடுங்க, முன்னால் அது குவித்த மொரைன் மேடு வரப்பாக நிற்கிறது. உருகுநீர் அந்த வரப்புக்குள்ளேயே பக்கவாட்டில் ஓடி, இருப்பதில் தாழ்ந்த ஓர் உடைப்பு வழியே மட்டும் வெளியே போகிறது. மற்ற உடைப்புகளுக்குக் கீழே இருந்த ஓடைகள் ஒவ்வொன்றாக வறள்கின்றன. நீரின் மொத்த அளவு கூடியிருக்கும் காலத்திலேயே ஓர் ஓடை அடியோடு காய்ந்துவிடும். அதை நம்பியிருந்த கிராமத்துக்கு இது புரியாத புதிராக இருக்கும்.

கங்கோத்ரியை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளம். முகப்பு 4,000 மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஜான் பிக்னெல் ஆடன் 1935இல் அங்கே போய் முகப்பை அளந்து வரைபடம் எழுதினார். அவருக்குப் பின் வந்த எல்லா அளவீடுகளும் அந்த வரைபடத்தோடுதான் ஒப்பிடப்படுகின்றன. அன்றிலிருந்து கோமுகம் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே போயிருக்கிறது. இதை எல்லாச் செய்தித்தாளும் எழுதுகிறது. அவ்வளவாக எழுதப்படாத செய்தி பக்கத்துப் பனியாறுகளைப் பற்றியது. சதுரங்கி, ரக்தவர்ண் ஆகியவை முன்பு கங்கோத்ரியோடு வந்து கலந்த கிளைகள். இன்று அவை ஒடுங்கித் தனியாகிவிட்டன. முன்பு பனியாக வந்து பனியில் கலந்தது, இன்று ஓடையாக ஓடி வந்து பிரதான பனியாற்றின் விலாவை அரிக்கிறது. மறுபக்கம் மேரு பனியாற்றின் ஓடை. 2017 ஜூலையில் பெருமழை பெய்தபோது அந்தப் பக்கத்திலிருந்து கல்லும் மண்ணும் சரிந்து வந்து கோமுகத்தின் முன்னால் குவிந்தன. பாகீரதி தான் பிறக்கும் வாயிலிலேயே நீர் தேங்க, வழி மாறி ஓடியது. ஆற்றின் பிறப்பிடம் என்று நாம் புள்ளி வைத்துக் காட்டும் இடம் அந்த அளவுக்குத்தான் நிலையானது.

மொரைன் வரப்புக்குப் பின்னால் நீர் வழிந்து போக வழியில்லாவிட்டால் ஏரி உண்டாகும். பார்க்க மிக அழகாக இருக்கும். சிக்கிமில் 5,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் தெற்கு லோனக் ஏரி அப்படி வளர்ந்தது. 1970களில் சிறியதாக இருந்தது, பனி பின்வாங்கப் பின்வாங்க நீண்டுகொண்டே போனது. ஆபத்து தெரியாமல் இல்லை. 2016இல் குழாய்களைச் சுமந்துகொண்டு போய் ஏரியிலிருந்து நீரை வெளியே இழுத்துப் பார்த்தார்கள். ஏரி வளர்ந்த வேகத்துக்கு அது போதவில்லை. 2023 அக்டோபர் 3ஆம் தேதி இரவு ஏரியின் பக்கத்து மொரைன் சரிவு பெயர்ந்து நீருக்குள் விழுந்தது. எழுந்த அலை வரப்பை உடைத்தது. ஏறத்தாழ 5 கோடி கன மீட்டர் நீர் இறங்கியது. சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் டீஸ்டா-3 மின்திட்டத்தின் அணை அதைத் தாங்கவில்லை. டீஸ்டா ஆற்றில் இறங்கியது வெறும் நீராக இருந்திருந்தால் ஓரிரு நாளில் வடிந்திருக்கும். வழிநெடுகக் கரையை அறுத்து அது கொண்டுவந்த மண் ஆற்றுப் படுகையை மேலே தூக்கிவிட்டது. படுகை உயர்ந்தால் அடுத்த ஆண்டு சாதாரண மழைக்கும் வெள்ளம் கரையேறும். இன்றுவரை டீஸ்டாக் கரையில் அந்தத் துன்பம் தீரவில்லை.

இங்கே கேதார்நாத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். கோயில் 3,583 மீட்டர் உயரத்தில், மந்தாகினிக்கும் சரஸ்வதி என்னும் ஓடைக்கும் இடையே ஒரு சமவெளியில் இருக்கிறது. மலை நடுவில் இவ்வளவு சமமான இடம் எப்படி வந்தது? சோராபாரியும் அதன் துணைப் பனியாறும் ஒரு காலத்தில் அதுவரை நீண்டிருந்தன. அவை பின்வாங்கியபோது உருகுநீர் கொண்டுவந்து பரப்பிய கல்மண் விரிப்புதான் அந்தச் சமவெளி. இரண்டு ஓடைகளும் மாறி மாறி ஓடிச் செய்த நிலம். கோயிலைக் கட்டியவர்கள் அந்தப் பெருவெளியில் ஒரே ஒரு கற்கட்டடத்தை எழுப்பினார்கள். பின்னால் வந்த தலைமுறைகள் விடுதியும் கடையும் வீடுமாக இரண்டு ஓடைகளின் விளிம்பு வரை நிரப்பின.

மேலே பனியாற்றின் பக்க மொரைனுக்கும் மலைச்சரிவுக்கும் இடையில் சோராபாரி ஏரி இருந்தது. காந்தி சரோவர் என்றும் சொல்வார்கள். அதற்கு வழிந்தோடும் வாய் கிடையாது. மொரைனின் அடியில் கசிந்துதான் நீர் வெளியேறும். 2013 ஜூன் நடுவில் பருவமழை முன்கூட்டியே வந்து கொட்டியது. மேலே கிடந்த பனியும் சேர்ந்து உருகியது. 16ஆம் தேதி மாலை முதல் வெள்ளம் வந்தது. மழையில் பெருகிய ஓடைகள் கல்லும் மண்ணுமாக ஊருக்குள் இறங்கின. 17ஆம் தேதி காலை 6.45 மணியளவில் ஏரியின் மொரைன் கரை உடைந்தது. சில நிமிடங்களில் ஏரி முழுக்கக் காலியானது. வந்த வெள்ளம் ஓடைகளின் பழைய வழிகளைத் தேடிப் பிடித்துக்கொண்டு, சமவெளி முழுவதையும் மூடி ஓடியது. கோயிலுக்குப் பின்னால் ஒரு பெரும்பாறை உருண்டு வந்து நின்று வெள்ளத்தை இரு பக்கமும் பிரித்தது, கோயில் நின்றது. உத்தராகண்ட் முழுவதிலும் அந்த நாட்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமற் போனார்கள். தென்னாட்டு யாத்திரிகர்களும் அவர்களில் உண்டு.

அந்தப் பேரழிவை இயற்கையின் சீற்றம் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சமவெளியில் ஓடை வழி மாறுவது புதிய நிகழ்ச்சியல்ல. அந்தச் சமவெளியே அப்படி உண்டானதுதான். புதிதாக வந்தது அங்கே அடர்ந்த கட்டடமும் கூட்டமும். இதை வருத்தத்தோடு சொல்கிறேன், அங்கே போனவர்களைக் குறை சொல்ல அல்ல. எந்த இடத்தில் தங்கலாம், எந்த இடத்தில் கூடாது என்று யாத்திரிகருக்கு யாரும் சொல்லவில்லை.

வழி மாறுவது எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு இரண்டு வெளிநாட்டு எடுத்துக்காட்டுகள். ஐஸ்லாந்தின் தெற்கே ஸ்கைதாரா என்றொரு பனியாற்று ஆறு. அதைக் கடக்க 1974இல் ஏறத்தாழ 900 மீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டினார்கள். அப்போது அந்த நாட்டிலேயே நீளமான பாலம் அதுதான். 1996இல் பனிக்கடியில் எரிமலை வெடித்து வந்த பெருவெள்ளத்தில் பாலத்தின் ஒரு பகுதி போனது, மறுபடி கட்டினார்கள். வெள்ளத்துக்கு ஈடுகொடுத்த பாலத்துக்கு 2009இல் வேறொன்று நேர்ந்தது. பனியாறு பின்வாங்கியதால் அதன் முன்னால் தாழ்ந்த பள்ளம் வெளிப்பட்டது. உருகுநீர் அந்தப் பள்ளத்தில் மேற்கே திரும்பி கீக்யுக்விஸ்ல் என்னும் பக்கத்து ஆற்றில் போய்ச் சேர்ந்தது. பாலத்துக்கு அடியில் ஆறு இல்லாமல் போனது. 2017இல் அந்தப் பாலத்தைப் போக்குவரத்திலிருந்தே விலக்கிவிட்டார்கள்.

கனடாவின் யூகான் பகுதியில் நடந்தது இன்னும் பெரிது. காஸ்கவுல்ஷ் பனியாற்றின் முகப்பிலிருந்து இரண்டு ஆறுகள் பிறந்தன. ஒன்று ஸ்லிம்ஸ், வடக்கே ஓடி க்ளுவானி ஏரியில் விழுந்து, யூகான் ஆற்று வழியாகப் பெரிங் கடலுக்குப் போவது. மற்றொன்று காஸ்கவுல்ஷ், தெற்கே திரும்பி அல்செக் ஆற்று வழியாகப் பசிபிக் பெருங்கடலைச் சேர்வது. 2016 மே மாதக் கடைசியில் பனியின் முனையில் உருகுநீர் ஆழமான ஒரு பிளவை அறுத்துவிட்டது. சில நாட்களில் ஸ்லிம்ஸின் நீர் ஏறத்தாழ முழுவதும் தெற்கே போய்விட்டது. ஏரியின் மட்டம் இறங்கியது. வறண்ட படுகையிலிருந்து அந்தப் பனியரைத்த மாவு புழுதிப் புயலாக எழுந்தது. டேனியல் ஷுகரும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் இதை எழுதியபோது, பனி பின்வாங்கியதன் விளைவு இது என்று கணக்கோடு காட்டினார்கள். எந்தக் கடலுக்குப் போவது என்பதையே ஆறு ஒரு வசந்தகாலத்தில் மாற்றிக்கொண்டது.

இனி சுமைக்கு வருகிறேன். ஏரி உண்டான இடத்தில் கல்லும் மணலும் ஏரிக்குள் தங்கிவிடும். ஏரியைத் தாண்டி வெளியே வரும் நீர் ஓரளவு தெளிந்திருக்கும். தெளிந்த நீர் என்று மகிழ வேண்டாம். அது சுமை இறக்கிய நீர், பலம் மிச்சமுள்ள நீர். அது பழைய கல்வெளியைத் தோண்டி இறங்கும். பதினைந்து ஓடையாகப் பின்னிக் கிடந்தது ஒன்றிரண்டு ஆழமான ஓடையாகச் சுருங்கும். பழைய படுகை இரு பக்கமும் படிக்கட்டுப் போல உயரத்தில் நின்றுவிடும். அந்தப் படிகளில் புல் முளைக்கும், பிறகு புதர், பிறகு பூர்ஜ மரம். வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஆறு அடங்கிவிட்டது போலத் தெரியும். ஆனால் பனி தாங்கிப் பிடித்திருந்த மலைச்சரிவுகள் பக்கத்தில் தாங்கலற்று நிற்கின்றன. ஒவ்வொரு மழைக்கும் அவற்றிலிருந்து கல்மண் விசிறி இறங்கி ஆற்றை மறுகரைக்குத் தள்ளும். மைக்கேல் சர்ச், ஜூன் ரைடர் என்னும் இரண்டு ஆய்வாளர்கள் 1972இலேயே எழுதினார்கள்: பனி போன பிறகும் அது விட்டுச்சென்ற மண்ணை ஆறுகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சுமந்துகொண்டேயிருக்கும் என்று. ஆசியாவின் உயர்மலை ஆறுகளைப் பற்றி 2021இல் வந்த ஆய்வு ஒன்று, கடந்த அறுபது ஆண்டுகளில் நீரோட்டம் பத்தாண்டுக்கு 5 சதவீதம் கூடியபோது மண்சுமை 13 சதவீதம் கூடியது என்கிறது. அணைகளில் மண் நிறையும் வேகத்தை இதை வைத்துக் கணித்துக்கொள்ளலாம்.

படுகை தாழ்ந்தால் விவசாயிக்கு என்ன ஆகும்? லடாக்கிலும் ஹுன்சாவிலும் பனியாற்று ஓடையின் ஓரத்தில் கல் அடுக்கி, மலைச்சரிவை ஒட்டிக் கால்வாய் கொண்டுபோவார்கள். கால்வாயின் தலைப்பு ஓடையின் மட்டத்தில் இருந்தால்தான் நீர் ஏறும். ஓடை ஓர் ஆள் ஆழம் இறங்கிவிட்டால் கால்வாய் முழுதாக இருக்கும், வயல் முழுதாக இருக்கும், நீர் மட்டும் கீழே கண்ணுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். நெய்யாற்று இடதுகரைச் சானல் 2004க்குப் பிறகு விளவங்கோட்டுப் பக்கம் வறண்டு கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த வயல்காரரின் மனத்தை நான் விளக்க வேண்டியதில்லை. இங்கே காரணம் வேறு. இரண்டு மாநிலங்களுக்கு இடையிலான நீர் வழக்கு, உச்ச நீதிமன்றம் வரை போனது. காய்ந்த வாய்க்காலைப் பார்த்து நிற்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஜான்ஸ்கரில் குமிக் என்ற ஊர் மேலிருந்த பனி குறைந்து ஓடை வற்றியதால் வேறிடத்துக்குக் குடிபெயர நேர்ந்தது. லடாக்கில் பொறியாளர் சேவாங் நோர்பெல் குளிர்கால ஓடை நீரைத் தடுத்து உறையவைத்து, விதைப்புக் காலத்தில் உருகவிடும் செயற்கைப் பனித்தேக்கங்களை அமைத்தார். பெரிய பனியாறு மேலே வெகுதூரம் ஒடுங்கிவிட்டதால் அதன் நீர் விதைக்கும் பருவத்துக்குப் பிந்தி வருகிறது என்பதே அவர் கண்ட குறை. அந்தக் குறையைத் தீர்க்கும் வழிதான் இந்தப் பனித்தேக்கங்கள்.

நீரின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பனியாற்றிலிருந்து வரும் நீர் முதலில் கூடும், ஓர் உச்சத்தைத் தொடும், பிறகு குறையும். உலகின் பல சிறு பனியாற்றுப் படுகைகள் அந்த உச்சத்தைத் தாண்டிவிட்டன. கங்கை, பிரம்மபுத்திராவின் தலைப்பகுதிகள் இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் தாண்டும் என்று கணித்திருக்கிறார்கள். கங்கை வற்றிவிடும் என்று அச்சுறுத்துவது சரியல்ல. சமவெளியில் கங்கையின் பெரும்பங்கு மழைநீர். தலைப்பகுதியில் இருப்பவர்களுக்குத்தான் இது வாழ்வும் சாவும்.

நம் தீபகற்பத்திலும் பனியாறு இருந்தது என்றால் பிள்ளைகள் நம்புவீர்களா? ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியா தென்துருவத்துக்கு அருகே பெருங்கண்டம் ஒன்றோடு ஒட்டியிருந்தது. ஒடிசாவின் தால்சேரில் 1856இல் பிளான்ஃபோர்டு சகோதரர்களும் உடன் வந்த புவியியலாளரும், மென்மையான களிமண் படிவின் நடுவே பெரும்பாறைகள் புதைந்து கிடப்பதைக் கண்டு, இவற்றைப் பனிதான் கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார்கள். அந்தப் பனி பின்வாங்கியபோது அதன் முன்னால் ஓடிய உருகுநீர் ஓடைகள் பரப்பிய மணலும் களியும் அதன்மேல் கிடக்கின்றன. அந்த ஈரவெளிகளில் காடு வளர்ந்து, புதைந்து, கரியானது. தாமோதர் பள்ளத்தாக்கின் நிலக்கரி அந்தக் காலத்தது. அன்றைய பனி விலகிய நிலத்தில் விளைந்த அந்தக் கரியை எரித்த புகையும் சேர்ந்துதான் இன்றைய பனியை விலக்குகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

இனி நம் ஆறு. பனி இல்லாத நெய்யாற்றுக்கும் சுமையின் விதி ஒன்றுதான். 1958இல் நெய்யாற்று அணை வந்தது. மலையிலிருந்து வரும் மணலும் சரளையும் அணைக்குப் பின்னால் தங்குகின்றன. மொரைன் ஏரி செய்யும் அதே வேலை. அணைக்குக் கீழே இருந்த மணலைப் பல ஆண்டுகள் கடவு கடவாக வாரி விற்றோம். 2001இல் கேரளத்தில் ஆற்றுக்கரைகளைக் காக்கவும் மணல் வாரலைக் கட்டுப்படுத்தவும் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் இரவு லாரிகள் நிற்கவில்லை என்பது கரையில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். சுமை பறிக்கப்பட்ட ஆறு படுகையைத் தோண்டும், கரையை இடிக்கும், பக்கத்துக் கிணற்றின் மட்டத்தையும் தன்னோடு இறக்கும். தென்னந்தோப்பு ஆற்றில் சரிகிறது என்று கரைக்குச் சுவர் கேட்கிறோம். ஓரிடத்தில் சுவர் எழுப்பினால் ஆறு எதிர்க்கரையைத் தோண்டும். பூவார் பொழியில் மணல்திட்டு இடம் மாறி மாறி அடைப்பதையும் திறப்பதையும் தலைமுறையாகப் பார்த்துவரும் கடற்கரை மக்கள் அந்த மணலின் மேல் வீடு கட்டுவதில்லை. ஆற்றுக்கு வழி மாற இடம் தேவை என்பதை அவர்களிடம் யாரும் பாடம் நடத்தவில்லை.

அந்த இடத்தைப் பற்றி இமயத்துக்குத் திரும்பி ஒரு வார்த்தை. கோமுகத்திலிருந்து உத்தரகாசி வரை பாகீரதியின் இரு பக்கத்தையும் சூழல் உணர்திறன் மண்டலமாக 2012 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்தது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளம். எதிர்ப்பும் இருந்தது, சாலை வேண்டும் என்ற நியாயமான கோரிக்கையும் இருந்தது. பனி விலகிய நிலத்தில் ஓடைக்கு எவ்வளவு அகலம் விட வேண்டும் என்பதை இன்றைய நீரோட்டத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அந்தக் கல்வெளியின் முழு அகலத்தையும் ஆற்றின் சொத்தாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கேதார்நாத்திலும் அதுவே அளவாக இருக்க வேண்டும்.

மாணவப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். 1935இல் ஆடன் அளந்து வைக்காமல் போயிருந்தால் கோமுகம் எவ்வளவு நகர்ந்தது என்று இன்று யாராலும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. அமரவிளையில் பாலத்தூண்கள் ஆற்றுக்குள் நிற்கின்றன. ஒரு தூணைத் தேர்ந்துகொண்டு, பாலத்தின் மேல்தளத்திலிருந்து படுகை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று ஆண்டுக்கு ஒருமுறை, தை மாதம் நீர் வடிந்திருக்கும்போது அளந்து எழுதுங்கள். அருவிப்புறத்தில், 1888இல் நாராயண குரு ஆற்றிலிருந்து கல்லெடுத்துச் சிவனை நிறுவிய அந்தக் கடவின் அருகேயும் ஓர் இடம் குறித்துக்கொள்ளலாம். எடை கட்டிய கயிறு, அளவுநாடா, ஒரு நோட்டுப் புத்தகம், கூட ஒரு பெரியவர், வேறெதுவும் வேண்டாம். எழுதியதை இந்த வாசகசாலை அலமாரியில் வையுங்கள். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். எந்தத் தூணில் தொடங்குவது என்று இன்றைக்கே பேசி முடிவு செய்துவிடலாம்.